நாத்தனார் குழியின் நீலச் சீசா

ஜூன் 4, ஞாயிறு

இடுப்பு இன்னும் நிமிரவில்லை. அந்தக் காலத்துச் சாமான் தேடி நாங்கள் தோண்டும் பழைய குப்பைமேட்டில் இன்று எனக்குக் கிடைத்தவை: காதில்லாத கோப்பை ஒன்று, ஒரு செருப்பின் அடிப்பாகம், உடைந்த தட்டுகள். பக்கத்துக் குழியில் நாத்தனாருக்கு மூடியோடு ஒரு மைக்கூடு. எப்போதும் இப்படித்தான். மேட்டில் என் பக்கம் செம்மண். அவள் பக்கம் அந்தக் காலத்து அடுப்புச் சாம்பலும் கரியும். சாம்பலில்தான் கண்ணாடி உடையாமல் கிடக்கும். சேர்ந்தே தோண்டலாமே என்றால், "எலி வளையானாலும் தனி வளை வேணும் அண்ணி" என்பாள்.

கிளம்பும்போது வழக்கம்போல் தன் குழியில் அந்தத் துணியில்லாத குடைக் கம்பியை நட்டுவிட்டு வந்தாள். ஒரு குழியில் எதையாவது நட்டிருந்தால் வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது. மேட்டில் தோண்டுகிறவர்களுக்கு அது ஒன்றுதான் சட்டம். யாரும் மீறி நான் பார்த்ததில்லை.

வீட்டுக்காரர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஊரே குப்பையை வெளிய கொட்டுது, நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்கு அள்ளிட்டு வர்றீங்க. பெருச்சாளிக்கு ஏத்த அண்ணி!" பெருச்சாளி என்பது தங்கைக்கு அவர் வைத்த பெயர்.

ஜூன் 8, வியாழன்

நாத்தனார் தபாலாபீஸ் படியில் கால் பிசகி, வீங்கிப் போய் வந்தாள். வலியை விட, ஞாயிற்றுக்கிழமை போச்சே என்றுதான் அழுகை. நூலகர் எங்கள் சாமான்களைக் காட்சிக்கு வைக்க ஒரு கண்ணாடி அலமாரி ஒதுக்கியிருக்கிறார். நடுவில் வைக்க நீல விஷச் சீசா ஒன்று வேண்டும் என்று எத்தனையோ நாளாகத் தேடுகிறாள். உடம்பெல்லாம் வரிவரியாக இருக்குமாம். இருட்டில் மருந்து என்று எடுத்தாலும், விஷம் என்று விரல் கண்டுபிடித்துவிடுமாம்.

ஜூன் 11, ஞாயிறு

தனியாகப் போனேன். என் குழியில் வெறும் ஓட்டாஞ்சில்லு. சும்மாதான் அவள் குழியை எட்டிப் பார்த்தேன். மழையில் ஒரு பக்கம் சரிந்து, நீலமாக ஒரு விளிம்பு தெரிந்தது. அவளுக்காகத்தானே எடுக்கிறேன் என்று இறங்கினேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். விரலில் வரி தட்டியதும் கத்த வேண்டும் போலிருந்தது. முழுச் சீசா. ஒரு கீறல் இல்லை. குடையைச் சரியாக நட்டுவிட்டு வந்தேன்.

குழாயடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவளே கழுவினாள். பாதி கழுவும்போது நிமிர்ந்து கேட்டாள்.

"எந்தக் குழி அண்ணி?"

"என் குழிதான்."

ஏன் சொன்னேன்? இவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, "அட, நம்ம வீட்டம்மாவா!" என்று பார்த்தாரே, அதற்கா? உடைஞ்ச தட்டையே பொறுக்கினவளுக்கு ஒரு நாளாவது... அதுக்கு இப்படியா?

அவள் சீசாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "உங்க கைராசி அண்ணி" என்று, கறுப்புத் தண்ணீர் வடிகிற கையாலேயே என் கன்னத்தைக் கிள்ளினாள்.

ஜூன் 14, புதன்

பால்காரர் வரைக்கும் என் பெருமையைப் பேசிவிட்டாள் நாத்தனார். சீசாவுக்குக் கீழே என் பெயரைத்தான் போட வேண்டும் என்று நூலகருக்குப் போன் வேறு செய்திருக்கிறாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, எரிகிறது. சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜூன் 15, வியாழன்

இன்றும் சொல்லவில்லை.

ஜூன் 18, ஞாயிறு

மேட்டுக்குப் போகவில்லை. தலைவலி என்றேன். இன்னொரு பொய். கை சும்மா இருக்கவில்லை என்று போன வாரத்துச் சில்லுகளை எடுத்து அலசினேன். குழாயடி முழுக்கச் சிவப்புத் தண்ணீர்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் குழியில் வருவது எதைக் கழுவினாலும் சிவப்பாகத்தான் ஓடும். அன்றைக்குச் சீசாவிலிருந்து கறுப்பாக ஓடியதே! பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேனே!

அவளுக்குத் தெரியும். கழுவினப்பவே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் எந்தக் குழின்னு கேட்டிருக்கா. நான் உண்மையைச் சொல்ல எடம் குடுத்திருக்கா. நான் — சீ.

ஜூன் 25, ஞாயிறு

அவள் கால் சரியாகிவிட்டது. சேர்ந்தே போனோம். வழியெல்லாம் சொல்ல வாயெடுத்து வாயெடுத்து, மேட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒருவழியாக, "அந்தச் சீசா..." என்றேன்.

"அதான் அலமாரிக்குப் போயிடுச்சே. தோண்டுங்க அண்ணி, வெயில் ஏறுது."

குரலில் கோபம் இல்லை. எனக்கு மறுபடியும் ஒரு செருப்பு கிடைத்தபோது, "ஜோடி சேர்ந்துடுச்சு, போட்டுக்கிட்டே வீட்டுக்குப் போகலாம்" என்று சிரிக்கவும் செய்தாள். நானும் சிரித்தேன்.

கிளம்பும்போது குடையை நடவில்லை. மண்ணைத் தட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஏன், குழி முடிஞ்சிடுச்சா? குடை இல்லன்னா யார் வேணாலும் இறங்கிடலாமே."

"எங்க முடிஞ்சுது? இன்னும் எவ்வளவு கரி இருக்கு! மழை வர்ற மாதிரி இருக்குல்ல அண்ணி, அதான் குடையை எடுத்துக்கிட்டேன்."

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. குடையில் துணியும் இல்லை.

"ஆமா" என்றேன். வீடு வரைக்கும் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே வந்தாள்.