ஞானப்பாவும் வெறும் அப்பாவும்

மாப்ளே,

இந்தக் கல்லறைத் திருநாளுக்கு உன்னைப் பார்க்க வந்தபோது, எனக்கு முன்னாலேயே அங்கே மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. தூறலில் அணைந்துவிடாமல் இருக்க, அடியை வெட்டிய தண்ணீர் பாட்டிலைச் சுற்றி வைத்திருந்தது. புல் செதுக்கியிருந்தது. சிலுவைக்குப் புதிதாக வெள்ளை எனாமல் அடித்த வாசம் இன்னும் போகவில்லை. யார் செய்த வேலை என்று யோசிக்கவே வேண்டாம். சிலுவையின் ஓரத்தில் என் கடைப் பிரஷ்ஷின் முடி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மட்டமான பிரஷ், முடி கொட்டும். வாங்கியவன் நான்தான்.

அடுத்த வரிசையில் என் அப்பா படுத்திருக்கிறார். அவர் சிலுவையிலும் எனாமல் பட்டிருந்தது, முன்பக்கம் மட்டும். டப்பாவில் மிச்சம் இருந்ததைத் தாத்தாவுக்கு அடித்திருக்கிறான் என் மகன். நான் கொண்டுபோன மெழுகுவர்த்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். செத்துப்போனவன் மேல் பொறாமைப்படுகிற மனுஷன் உண்டா என்று யாராவது கேட்டால், ஒரத்தநாட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் ஒருத்தன் இருக்கிறான், போய்ப் பார்த்துக்கொள்ளச் சொல்.

நம் வழக்கத்தை யார் ஏற்படுத்தினார்களோ, அவர்கள் என்னைப் போன்ற ஆளை நினைத்துப் பார்க்கவில்லை. ஞானஸ்நானத்துக்கு ஒரு ஞானத்தகப்பன் நிற்க வேண்டும். பெற்றவன் தன் பிள்ளைக்குத் தானே நிற்க முடியாது. பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் இருந்தவன் என்று உன்னைக் கேட்டேன். நீ என் மகன் அருளைக் கையில் ஏந்திக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாய். நான் துண்டை வைத்துக்கொண்டு பின்னால் நின்றேன். தலையில் தண்ணீர் பட்டதும் வீறிட்டவன், உன் சட்டைப் பொத்தானைப் பிடித்ததும் அடங்கிப்போனான். பேச்சு வந்ததும் உன்னை ஞானப்பா என்றான்.

"அவன் ஞானப்பான்னா, நான் என்னடா, அஞ்ஞானப்பாவா?" என்று கேட்டேன்.

"பொருத்தமாத்தான் மாப்ளே இருக்கு" என்றாய்.

நானும்தான் சிரித்தேன். அவனுடைய பதினாறு பதினேழு வயதில் நான் செய்த காரியத்தைப் பார்த்தால், அந்தப் பட்டம் எனக்குச் சும்மா வரவில்லை என்று தெரிகிறது.

அவன் பிளஸ் ஒன் சேர்ந்த வருஷம். நன்னிலத்தில் என் தங்கை வீட்டுக் கல்யாணம். பந்தலுக்குப் பின்னால் பெரிய பையன்களோடு பீர் பாட்டிலும் கையுமாக நின்றான். பார்த்துவிட்டு, "பீர்தானே, கல்யாண வீடு" என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பந்திக்குப் போய்விட்டேன். ஆனாலும் அன்றிலிருந்து உஷாரானேன். சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நிறுத்தி வாயை மோந்து பார்ப்பேன். சாராய வாடை இருக்காது. என் மூக்கை நானே மெச்சிக்கொள்வேன். சட்டையில் ஒரு புகை வாசம் வரும். அறுப்புக் காலம், எங்கேயோ வைக்கோல் கொளுத்துகிறார்கள் என்று உள்ளே விட்டுவிடுவேன். கண் சிவந்திருக்கும். மெட்ராஸ் ஐ என்று நினைத்து மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தேன். தீர்ந்ததும் மறுபடி வாங்கிக் கொடுத்தேன். கஞ்சா குடிக்கிற பையன்கள் அந்தச் சொட்டு மருந்தைத் திருட்டுத்தனமாக வாங்குவார்களாம். என் பிள்ளைக்கு அந்தக் கஷ்டத்தை நான் வைக்கவில்லை.

கடைக்கு வந்தால், உள் அறையிலிருந்து ஸ்பேனர் எடுத்து வரச் சொல்வேன். போனவன் அங்கேயே நிற்பான். எதற்கு வந்தோம் என்பது மறந்திருக்கும். "என்னடா, மாப்பிள்ளை வீடு பாக்க வந்தியா?" என்று கிண்டல் செய்வேன். அவனும் சிரிப்பான். கணக்கில் நூறு வாங்கினவன் முப்பதுக்கு இறங்கினான். செல்போன்தான் காரணம் என்று செல்போனைப் பிடுங்கி வைத்தேன். வீட்டுக்காரி வல்லாரைக் கீரை சமைத்துப் போட்டாள். நாங்கள் இரண்டு பேரும் எல்லாம் செய்தோம், அவனைக் கேட்பதைத் தவிர.

நீயும் கேட்கவில்லை. ஆனால் பார்த்தாய். நீ ஓட்டுகிற மினிபஸ்ஸில்தான் அவன் பள்ளிக்கூடம் போய்வந்தான். ஒருநாள் சாயங்காலம் நம் ஊர் ஸ்டாப்பில் இறங்கவில்லை. கண்ணாடியில் பார்த்தும் நீ குரல் கொடுக்கவில்லை. கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கிய பிறகு என்ஜினை அணைத்துவிட்டு, உன் டிபன் பாக்ஸை அவன் மடியில் வைத்தாயாம். அவன் தின்றான். தின்று முடித்து ஏதோ சொன்னான். புது ஆற்றுக் கரையில், மதகுக்குப் பக்கத்தில், டியூஷன் பையன்களோடு நடந்த கதையெல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. முதலில் எந்த வார்த்தையில் ஆரம்பித்தான் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. உன்னைக் கேட்டேன். "அது அவன் சொத்து மாப்ளே" என்றாய்.

அப்புறம் நீ செய்தாயே ஒரு வேலை, அதற்கு உன்னை மன்னித்துவிட்டேன் என்று அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன். "பஸ்ஸுக்கு எஃப்.சி. காட்ட தஞ்சாவூர் போறேன், பேச்சுத் துணைக்குப் பையனை அனுப்பு" என்றாய். அனுப்பினேன். மறுபடி எஃப்.சி. என்றாய். மறுபடியும் அனுப்பினேன். வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற காரியம் உன் பஸ்ஸுக்கு மட்டும் ஏன் இப்படி வருகிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வண்டி அவ்வளவு ஓட்டை என்று உன் மேல் இரக்கப்பட்டேன்.

ஒருநாள் மத்தியானம் கடைக்கு வந்தாய். காயில் கட்டி முடித்த மோட்டாரின் ஸ்டேட்டர் கூட்டுக்குள் குண்டு பல்பைத் தொங்கவிட்டு வார்னிஷ் காய வைத்திருந்தேன்.

"உன் பையனுக்கு உடம்பு சரியில்ல மாப்ளே. கஞ்சா."

"என் பையனா? தினம் மோந்து பாத்துட்டுதான்டா உள்ள விடுறேன்."

"உன் மூக்குக்குப் பழக்கமில்லாத சரக்கு அது. மனநல டாக்டர்ட்ட காட்டிக்கிட்டுதான் இருக்கேன். இனிமே சொந்தத் தாய் தகப்பன் வந்தே ஆகணும்னுட்டாங்க. உன்கிட்ட சொல்லலாமான்னு அவன்ட்ட கேட்டேன். இன்னைக்குத்தான் சரின்னான்."

"என் பிள்ளையப் பத்தி என்கிட்ட சொல்ல அவன்ட்ட உத்தரவு வாங்கிட்டு வந்திருக்கியா?"

"ஆமா."

"சொந்தத் தகப்பன்னா, இவ்வளவு நாளா அவங்க உன்ன யாருன்னு நெனச்சாங்க?"

நீ பல்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். "அப்பாவான்னு கேட்டாங்க. தலைய ஆட்டிட்டேன்."

கஞ்சா என்று சொன்னபோதுகூட என் மூக்குக்குத்தான் வக்காலத்து வாங்கினேன். தலையை ஆட்டினேன் என்றபோதுதான் கை ஓங்கியது. அடிக்கவில்லை. அடித்திருந்தால் நீ திருப்பி அடித்திருப்பாய், உன் கை பெரியது. கத்தினேன். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். நீ முடியும் வரை இருந்துவிட்டு ஒன்றுதான் சொன்னாய். "இப்படிக் கத்தினா அவன் நீ சொல்றத கேக்க மாட்டான். உன் வாயத்தான் பாத்துக்கிட்டு இருப்பான்."

அவனைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் போனேன். டாக்டர் சின்னப் பொண்ணு. முகத்தைச் சுளிக்காமல் பேசினார்கள். "இவன் உயரம் வளந்து முடிஞ்சிருக்கலாம், மூளை வளந்து முடியல. நெத்திக்குப் பின்னாடி இருக்கிற பகுதிதான் கடைசியா முதிரும். இருபது வயசு தாண்டியும் அந்த வேலை நடக்கும். யோசிச்சு முடிவெடுக்கிறது, போதும் நிறுத்துன்னு சொல்றது, எல்லாம் அந்த இடம்தான். அது முடியறதுக்குள்ள கஞ்சாவும் மதுவும் உள்ள போனா, ஞாபகம், கவனம், படிப்பு எல்லாம் அடிபடும். பெரியவங்கள விட இந்த வயசுல பழக்கமும் சீக்கிரம் ஒட்டிக்கும்."

"பீர் கூடவா டாக்டர்?" என்று கேட்டேன்.

"பீரும் மதுதான்" என்றார்கள். கல்யாணப் பந்தல் கண் முன்னால் வந்துபோனது.

அப்புறம், நரம்புகளின் மேல் ஒரு உறை கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்துகொண்டே வருமென்றும், அது சரியாகப் படிந்தால்தான் சேதி தடங்கலில்லாமல் ஓடுமென்றும், வளர்கிற வயதில் போதை அதையும் கெடுக்கக்கூடுமென்றும் சொன்னார்கள். எனக்கு அந்த இடத்தில் தலை நிமிர்ந்தது. இருபது வருஷமாகக் கம்பிக்கு உறை பார்க்கிறவன் நான்.

"இன்சுலேஷன் டாக்டர். வார்னிஷ் காயறதுக்கு முன்னாடி மோட்டாரை ஓடவிட்ட மாதிரி. அன்னைக்கு ஓடும். பின்னாடி ஷார்ட் ஆகும்."

டாக்டர் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். நான் பெருமையாகப் பையனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஞானப்பா இதை ஏற்கெனவே சொன்னாங்கப்பா. அப்போதான் எனக்கு பயமே வந்துச்சு."

மாப்ளே, உனக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும்? சுவிட்ச் போட்டால் தண்ணீர் வரும் என்பதைத் தவிர? நடவு நேரத்தில் தண்ணீருக்கு அவசரப்பட்டு விவசாயிகள் வந்து நிற்பார்கள். "ஈரம் பாத்தா ஆகுமா, குடுங்க, ஓடவிட்டா அதுவா காஞ்சுக்கும்" என்பார்கள். "காயட்டும்யா, இப்ப ஓட்டினா அறுப்புக்குள்ள எரிஞ்சுரும்" என்று வருஷாவருஷம் நான் தொண்டை வற்றக் கத்துவேன். நீ பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு கேட்டதுதான் அத்தனையும். என் கடை, என் வார்னிஷ், என் பேச்சு. ஊரில் இருக்கிற மோட்டாருக்கெல்லாம் நான் சொன்னதை என் பிள்ளைக்கு நீ சொன்னாய். அவனும் நீ சொன்னதாகத்தான் கேட்டான்.

"நிறுத்திட்டா பழையபடி ஆயிருவானா?" என்று டாக்டரைக் கேட்டேன். நிறையத் தேறும், எவ்வளவு என்று எழுதிக் கொடுக்க முடியாது, இந்த வயதிலேயே நிறுத்துவதுதான் பெரிய விஷயம் என்றார்கள். நான் பதினாறு வயதில் கள்ளைக்கூடத் தொட்டதில்லை. சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்த மூளை அப்படிப் பத்திரமாக வளர்ந்த மூளைதான். அதை நினைத்தால் அவன் எவ்வளவு தேறினாலும் எனக்கு மேலே நிற்பான் என்று ஒரு தைரியம்.

நிறுத்திய முதல் வாரங்களில் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டான். என்னிடம் எரிந்து விழுந்துவிட்டு, உன் மினிபஸ்ஸில் ஏறி, கண்டக்டர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஊர் ஊராகச் சுற்றினான். நடுவில் ஒரு தடவை சறுக்கினான். அதையும் உன்னிடம்தான் சொன்னான். பிளஸ் டூவில் ஒரு பாடம் போய்த் துணைத்தேர்வில் தேறினான். இப்போது தஞ்சாவூரில் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். ஸ்பேனர் எடுக்கப் போனால் ஸ்பேனரோடு திரும்பி வருகிறான். சில சமயம் மட்டும் வாசற்படியில் ஒரு நொடி நிற்கிறான். எல்லா மனுஷனும் நிற்கிற நிற்பா, அது வேறா என்று எனக்குப் புரிவதில்லை. நான் இப்போது கிண்டல் செய்வதில்லை.

போன வருஷம் உனக்கு நெஞ்சு வலித்த அன்று ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடியவனும் அவன்தான். பெட்டியை முன்பக்கம் தோள் கொடுத்துத் தூக்கினான். கோயிலிலிருந்து கல்லறை வரைக்கும் அழுதான். நான் பின்பக்கம் தூக்கிக்கொண்டு வந்தேன். நாற்பது வருஷச் சிநேகிதன் பெட்டிக்குள் கிடக்கிறான், எனக்கோ, எனக்கு இவன் இப்படி அழுவானா என்ற கணக்கு ஓடுகிறது. நீ உயிரோடு இருந்திருந்தால் இதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்திருப்பாய்.

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் நல்ல மழை. கடையில் ஆளில்லை. அருள் காலேஜுக்குப் போகாமல் நனைந்துகொண்டு வந்து நின்றான். ஏன் போகவில்லை என்ற கேள்வி என் தொண்டைக்கு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

"ஞானப்பா இருந்தா அவங்கட்ட போயிருப்பேன்ப்பா" என்றுதான் ஆரம்பித்தான்.

அந்த ஒரு வரி போதும், என் வயிறு எரிய. இருந்தாலும் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். பக்கத்துக் கடையில் டீயும் பன்னும் வாங்கி வந்து வைத்தேன். தின்றான். பழைய பையன்கள் தேடி வந்ததையும், அவன் அவர்களோடு போகாததையும், போகாமல் இருப்பதற்கு அவனுக்குள் என்ன நடந்தது என்பதையும் சொன்னான். நான் கத்தவில்லை. அறிவுரை ஒன்று வாய் வரைக்கும் வந்தது, டீயோடு சேர்த்து விழுங்கினேன். நாக்கு சுட்டுவிட்டது. "அம்மாட்ட சொல்லிராதீங்க" என்றான். சரி என்றேன். மழை விட்டதும் பஸ் ஏறிப் போய்விட்டான்.

வீட்டுக்குப் போனால், "அப்பனும் மகனும் கடையில அவ்வளவு நேரம் என்ன பேசுனீங்க?" என்று வீட்டுக்காரி கேட்டாள். "மோட்டார் விஷயம்" என்றேன். அவள் நம்பவில்லை. அவள் முகத்தில் தெரிந்த கடுப்பு எனக்கு நன்றாகப் பழக்கமானது. அதைப் போட்டுக்கொண்டுதான் நான் இத்தனை வருஷம் உன் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

நீ இருந்திருந்தால் உன் பஸ் வரும் நேரம் பார்த்து ரோட்டுக்கு ஓடிவந்து, எல்லாவற்றையும் உன்னிடம் பீற்றியிருப்பேன். நல்லவேளை, நீ இல்லை என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். பிறகு பன் வாங்கிய பேப்பரை மடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் அழுதேன். தனக்குள் நடந்தது என்னவென்று அவன் சொன்ன அந்த வார்த்தைகளை இந்தக் கடிதத்திலும் நான் எழுதப்போவதில்லை. உனக்கும் அது தெரியாது மாப்ளே. இந்தத் தடவை கேட்டவன் நான்.