பெட்டிக்குப் பேரம் பேசினேன், ரோஸி

என் ரோஸி,

நீ போய் நாலு மாதம் ஆகப்போகிறது. வீட்டில் எல்லாரும் நலம் என்று எழுதினால் சிரிப்பாய். இங்கே நான் ஒருவன்தானே இருக்கிறேன்!

தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு கத்தரிக்காயைக் கூட, கடைக்காரர் சொன்ன விலைக்கு நீ வாங்கியவள் இல்லை. நான்தான் மானம் போகிறது என்று பத்தடி தள்ளி நிற்பேன்.

அப்படிப்பட்ட உனக்குச் சவப்பெட்டியை, கடைக்காரன் சொன்ன விலைக்கே வாங்கினேன். சாவுக்கு வாங்கும் சாமானுக்குப் பேரம் பேசக் கூடாது என்பார்களே. அங்கே எந்தப் பெட்டியிலும் விலை எழுதி ஒட்டவில்லை. அழுது வீங்கிய என் முகத்தைப் பார்த்தான், பதினெட்டாயிரம் என்றான். கொடுத்துவிட்டேன். உனக்குத்தானே என்று இருந்தது.

போன வாரம் நம் தெரு ஸ்டெல்லாவின் வீட்டுக்காரர் தவறிவிட்டார். பாவம், துணி தைத்துத்தான் குடும்பத்தை ஓட்டுகிறாள். துணைக்கு நான் போனேன். அதே கடை, அதே மாதிரிப் பெட்டி. பேச்சு வராமல் நின்றவளைப் பார்த்து இருபத்திரண்டாயிரம் என்றான். அவள் கழுத்துச் செயினைக் கழற்றப் போனாள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

"நாலு மாசம் முன்னாடி பதினெட்டுக்குக் குடுத்தியேப்பா?"

"இன்னா சார், சாவுல வந்து பேரம் பேசிகினு... நல்லாவா கீது?"

"அழுதுகிட்டு வர்றவங்ககிட்ட ஏத்திச் சொல்றது மட்டும் நல்லாயிருக்கா? விலையை எழுதி ஒட்டு, நான் வாயே திறக்கல."

ஸ்டெல்லா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வேணாண்ணா, விடுங்க. எங்க வீட்டுக்காரருக்கு அசிங்கம்."

நான் விடவில்லை. கடைசியில் பன்னிரண்டுக்கு இறங்கினான். அப்படியென்றால் அந்தப் பெட்டியின் நிஜமான விலைதான் என்ன, ரோஸி? இதை யாரிடம் போய்க் கேட்பது?

வெளியே வந்ததும், ஜெயித்த சந்தோஷத்தில் உன்னிடம் சொல்லத் திரும்பினேன். ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள். அவ்வளவுதான், நடுரோடு என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

இனி நம் சபையில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அந்தக் கடைக்கு நான் போவேன். அசிங்கம் எனக்கே இருக்கட்டும். அழுகிறவர்கள் நிம்மதியாக அழட்டும். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

எனக்கு வாங்கும் நாளில் யார் பேசுவார்கள் என்றுதான் தெரியவில்லை.

உன் வீட்டுக்காரன்,
தாமஸ்