தம்பி மரத்தில் வெள்ளைப் பஞ்சு

லாரல் ஓடை, வடக்கு கரோலினா
மார்ச் 24

ஏழு கடல்களையும் ஒற்றை ஆளாகக் காவல் காக்கும் என் மருமகள் டெலியாவுக்கு, எட்டாயிரம் கிறிஸ்துமஸ் மரங்களின் சக்கரவர்த்தியும் முழங்கால் வலியின் அடிமையுமான உன் தாய்மாமன் ஹார்லன் எழுதிக்கொள்வது.

நான் நலம். உன் அம்மாவும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மூன்று நாளாக அவள் என்னோடு பேசவில்லை. சோள ரொட்டியை மட்டும் என் வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். அவள் கோபத்தில் சுட்ட ரொட்டியால் சுவரில் ஆணி அடிக்கலாம்.

விஷயம் உன் தம்பி ரோவனின் மரம்.

நம் வீட்டுப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபிர் கிறிஸ்துமஸ் மரத்தை விற்காமல் விட்டுவைப்போமே, உன்னுடையது அவனுடையது இரண்டிலும் பஞ்சுப் பூச்சி ஏறிவிட்டது. குண்டூசித் தலையைவிடச் சிறியது, உடம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சு. பட்டைக்குள் வாயை இறக்கிச் சாற்றை உறிஞ்சுகிறது. அத்தனையும் பெண், ஆண் துணையே இல்லாமல் முட்டையிட்டுத் தள்ளுகிறது. ஓட்டுரிமை கொடுத்தால் அடுத்த கவர்னர் பூச்சிதான். ரோவன் மரத்தின் கிளைக் கணுக்கள் என் விரல் மூட்டுகளைப் போல வீங்கிவிட்டன. உள்ளே மரம் சிவந்து இறுகிவிட்டதால் தண்ணீர் மேலே ஏறவில்லை. உச்சி ஒரு பக்கமாகத் தொங்குகிறது.

உன் மரத்தைப் போன மாதமே சாய்த்துவிட்டேன். மன்னித்துக்கொள். அதற்கு உன் அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தப்பு என்னுடையது. இரண்டு வருஷத்துக்கு முன்பே வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்து வெண்டெல், "ஏம்ப்பா ஹார்லன், உன் மரத்துக்குத் தாடி நரைச்சிருச்சே!" என்றான். "உன் மண்டையில முளைக்காததெல்லாம் இங்க முளைக்குதுடா" என்று சிரித்தேன். அடிமரம் முழுக்க நனைய மருந்தடித்தால்தான் பூச்சி சாகும். ஆளுயர மரத்தை நனைக்கலாம். நாற்பதடி மரத்தில் என் குழாய் பாதிக்கு மேல் எட்டவில்லை. தெரிந்தும், உன் அம்மா முகத்தைப் பார்த்து, அடித்த மருந்தே போதும் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது அதற்குக் கீழ் வரிசையில் பதினோரு இளமரங்களில் வெள்ளை. மூன்று வாரத்தில் முட்டை பொரியும். குஞ்சுகளைக் காற்றும் பறவைகளும் தோட்டம் முழுக்கக் கொண்டுபோய்விடும்.

சனிக்கிழமை ரோவன் மரத்தை வெட்ட ரம்பத்தோடு போனேன். உன் அம்மா சமையலறை நாற்காலியை மரத்தடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஹார்லன், அத கீழ வை."

"நாடின், மரம் செத்துக்கிட்டு இருக்கு."

"தெரியும். அதுவா சாகட்டும். நீ சாகடிக்காத."

மூன்று மாவட்டங்களின் மாபெரும் வாயாடி, ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

டெலியா, கப்பலிலிருந்து ஒரு முறை அவளைக் கூப்பிடு. வெட்டச் சொல்லாதே. ரோவனைப் பற்றிப் பேசு. ஓடை வெள்ளம் அவனைக் கொண்டுபோன அன்றிலிருந்து பதினோரு வருஷமாக அவன் பெயரை அவள் யாரிடமும் எடுத்ததில்லை. அந்த மரத்திடம் மட்டும்தான் பேசுகிறாள். உன்னிடம் பேச ஆரம்பித்துவிட்டால், மரத்தடி நாற்காலியை அவளே வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவாள்.

கடவுள் உன்னைக் காக்கட்டும். கப்பல் மேல்தளத்துக்குப் போகும்போது கம்பியைப் பிடித்துக்கொள், கண்ணே. இரண்டு கையாலும்.

உன் மாமன்,
ஹார்லன்