ஹார்டு டிஸ்க் சுத்தம் செய்யும் சனிக்கிழமை

நம் டி.டி.பி. கடைக் கம்ப்யூட்டர் ஒரு மாதமாக முனகிக்கொண்டிருந்தது. ஆன் செய்தால் உள்ளே கிர் கிர் என்று சத்தம். ஒரு பத்திரிகை டிசைனைத் திறப்பதற்குள் வடசேரி பஸ் ஸ்டாண்டு வரை போய் வந்துவிடலாம். திருவட்டாறிலிருந்து கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவர், "என்னம்மா, கம்ப்யூட்டரு உறங்கிப் போச்சா?" என்று கேட்டே விட்டார். நீ இருந்திருந்தால் அவருக்குப் பதிலும் சொல்லியிருப்பாய், கம்ப்யூட்டரையும் எழுப்பியிருப்பாய். எனக்கு இரண்டும் வரவில்லை.

மாதக் கடைசிச் சனிக்கிழமை மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நீ செய்கிற வேலை அது. எனக்கென்னவோ வியாபாரத்தைக் கெடுக்கிற வேலையாகத்தான் பட்டது. ப்ளோயரால் தூசி ஊதுவாய். தற்காலிக பைல்களை அழிப்பாய். ஆன் செய்ததும் தானாக வந்து உட்காரும் புரோகிராம்களை நிறுத்துவாய். ஹார்டு டிஸ்க்கில் பிழை இருக்கிறதா என்று சோதனை போடுவாய். கடைசியில், சிதறிக் கிடக்கும் பைல்களை அது ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்க, நாம் ஏத்தன்பழ பஜ்ஜி தின்போம்.

எதை அழிக்கலாம் என்பதற்கு நீ ஒரு சட்டம் வைத்திருந்தாய். "கல்யாண பைல மூணு மாசத்துல அழிச்சிரு, அவிய ஒரு தடவதான் வருவாவ. கண்ணீர் அஞ்சலி பைலத் தொடாத கேட்டியா, அவிய வருசா வருசம் வருவாவ."

போன வாரம் அண்ணன், உன் வீட்டுக்காரர், வந்தார். உன் முதலாமாண்டு நினைவு ஜெபக் கூட்டத்துக்கு அட்டை வேண்டும். அஞ்சலி போல்டரைத் திறந்தேன். வெகுநேரம் சுற்றிவிட்டு, உன் பைல் திறக்காது என்று காட்டியது. நீ சிரிக்கிற படம் வேறெங்கும் கிடையாது. கேமராவைக் கண்டாலே உனக்கு மூஞ்சி கோணுமே.

பதற்றத்தில் நேரே சுத்தம் செய்யத்தான் போனேன். மவுசில் கை வைத்ததும் உன் அதட்டல் நினைவுக்கு வந்தது: "ஏட்டி, மொதல்ல காப்பி எடு. தூத்து வாருதது பொறவு."

எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்குக் காப்பி போட்டேன். உன் போல்டர் வந்ததும் பச்சைக் கோடு நகராமல் நின்றுவிட்டது. அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வழியாக முடிந்தபோது, நான் அமைத்து வைத்திருந்த அஞ்சலி போஸ்டர் கெட்டுப்போயிருந்தது. ஆனால் மூலப் படம் வந்துவிட்டது. அப்புறம்தான் சோதனை போட்டேன். டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்கள் ஏராளம். புது டிஸ்க் மாற்றியாயிற்று, கம்ப்யூட்டரும் சொன்ன பேச்சு கேட்கிறது. சனிக்கிழமை ஷட்டரை இனி நான் பாதி இறக்குவேன்.

அந்தப் படம் சர்ச்சில் பஜார் விற்பனை நடந்த அன்று எடுத்தது. நாம் இருவரும் நிற்கிறோம், என் கை உன் தோளில். போன வருடம் அஞ்சலி போஸ்டருக்காக என்னை வெட்டிவிட்டு, தோளில் இருந்த விரல்களையும் அழித்திருந்தேன். யார் படமானாலும் நம் தொழிலில் அப்படித்தானே செய்வோம். இந்த முறையும் என்னை வெட்டினேன். விரல்களிடம் வந்ததும் முடியவில்லை. அழுதுவிட்டேன்.

அண்ணன் எழுந்து வந்து பார்த்தார். "கெடக்கட்டும் பிள்ளே. ஒன் கைதானே" என்றார்.

அப்படியே அச்சுக்குக் கொடுத்தேன். ஜெபக் கூட்டத்தில் இரண்டு மூன்று பேர், தோளில் யார் கை என்று கேட்டார்கள். என் கை என்று சொன்னேன்.