முன் ஆக்சில் எந்த வண்டியினுடையது?

அன்புள்ள ஸ்டியரிங்குக்கு,

இங்கே நானும் வீட்டுக்காரியும் நலம். வண்டிதான் நலமில்லை. உன் உடம்பைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும். ஆனால் எனக்கு இருக்கிற எரிச்சலில், என் பாட்டை முதலில் கேட்டுவிடு.

ராணுவத்தில் நீ பதினோரு வருஷம் ஓட்டி, நான் பதினோரு வருஷம் கழற்றி மாட்டிய அதே டிரக்கை ஏலத்தில் எடுத்துவிட்டேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். நீ பதில் போடவில்லை. இன்ஜினைச் சரிசெய்துவிட்டேன். நன்றாகக் கிளம்புகிறது, நிற்கத்தான் மாட்டேன் என்கிறது. முன்சக்கரம் இரண்டிலும் இருந்த பிரேக் சிலிண்டர்களை எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். மாதிரிக்குக் காட்டக்கூடப் பழசு இல்லை.

கதவோரம் அடித்திருக்கும் தகட்டைப் பார்த்து எண், வருஷம் எல்லாம் எழுதி, பழைய ராணுவ வண்டிகளின் உதிரிபாகம் விற்கிறவருக்கு அனுப்பினேன். பார்சல் வந்தது. மாட்டிப் பார்த்தால் போல்ட் துளைகள் ஒரு விரல் தள்ளி நின்றன. திருப்பி அனுப்பினேன். மறுபடியும் அதுவே வந்தது. மூன்றாவது தடவை போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். அந்த மனுஷன் அலட்டிக்கொள்ளாமல், "தகட்டுல இருக்குற வண்டிக்கு இதுதான் சார். உங்க வண்டிதான் தப்பு" என்றார். வண்டி எப்படி ஐயா தப்பாகும்? வீட்டுப் பின்பக்கத்தை வண்டி அடைத்துக்கொண்டதால் துணி காயப்போட இடமில்லாத கடுப்பில் இருந்த வீட்டுக்காரி, "அப்படியே உங்க வாய்க்கு ஒரு பிரேக் இருக்கான்னு கேளுங்க" என்றாள்.

போன வாரம் ஆத்திரம் தாங்காமல், அந்தச் சிலிண்டர்கள் வந்து உட்காரும் முன் ஆக்சிலைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். மூன்று அடுக்குப் பச்சை பெயிண்ட் போனதும், அடியில் இரண்டு புள்ளியும் பக்கத்தில் ஒரு கோடும் தெரிந்தன. வேறு வண்டியிலிருந்து கழற்றிப் போட்ட பாகத்தில் நான் வழக்கமாக உளியால் போடும் அடையாளம் அது.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார், நம் வண்டியின் முன் ஆக்சில் முறிந்து கிடக்கிறது. ஓடாத வண்டிகளைப் போட்டுவைக்கும் யார்டில் கிடந்த ஏதோ ஒரு வண்டியின் ஆக்சிலை இறக்கி இதில் மாட்டி, பெயிண்டும் அடித்து, பதிவேட்டில் ஒரு வரிகூட எழுதாமல் பாராட்டும் வாங்கிக்கொண்டோமே! தகட்டை நம்பி மூன்று மாதம் வீணாய்ப்போனது நம்மால்தான். கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். "உங்க துளைக்கு மூணு வகை இருக்கு சார். உள்விட்டம் வேற வேற. தப்பா மாட்டினா பிரேக் மிதிச்சதும் வண்டி ஒரு பக்கமா இழுத்துடும். எந்த வண்டியோட ஆக்சில்னு சொல்லுங்க, மறுநாளே அனுப்புறேன்" என்றார்.

எந்த வண்டி? பார்த்துத் தேர்ந்தெடுத்தது நீ. நான் அடியில் படுத்திருந்தேன். எனக்கு ஞாபகம் இருப்பது ஜாக்கியும், அதன் பக்கத்தில் நின்ற உன் பூட்ஸும்தான்.

நேற்று உன் மகளிடமிருந்து கடிதம் வந்தது. "அப்பாவுக்கு இப்பல்லாம் ஆளுங்க சட்டுன்னு பிடிபடுறதில்ல மாமா. சில நாள் என்னையே யாருன்னு கேக்குறார்" என்று எழுதியிருக்கிறாள். நீ பதில் போடாததற்குக் காரணம் அதுதானா? படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. உன் வீட்டு வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஓட்டுகிற சீட்டில் உன்னை ஏற்றி உட்கார வைக்கத்தான் இத்தனை பாடும். இந்தப் பாழாய்ப்போன சிலிண்டர் வந்து சேர்வதற்குள் நீ எல்லாவற்றையும் மறந்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது.

அந்த வண்டி எது என்று ஞாபகம் இருந்தால் மகளிடம் சொல், ஒரு வரி எழுதிப் போடட்டும். ஞாபகம் இல்லையென்றால் விட்டுத் தள்ளு, மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளாதே. மருந்தை வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

மாதக் கடைசிவரை பார்ப்பேன். அதற்குமேல் வண்டிக்காகக் காத்திருக்க மாட்டேன், பஸ் ஏறி வந்துவிடுவேன். வந்து நிற்கிறவனைப் பார்த்து, நீ யார் என்று மட்டும் கேட்டுவிடாதே.

உன்,
ஸ்பேனர்