சாமிப் பெட்டி இருந்த அறை

டிசம்பர் 3, செவ்வாய்

இன்றும் மதுரை ஆஸ்பத்திரி. தம்பி செத்தபிறகு என்னோடு இருக்கும் அவன் மகள் சுகப்பிரியாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் ரத்தத்தை மிசினில் விட்டுச் சுத்தம் பண்ண வேண்டும். பஸ்ஸில் என் மடியில் படுத்து வந்தாள். நான் ஊர்க்கதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். "அத்தை, காரியாபட்டி வரைக்குமாவது வாய மூடிக்கிட்டு வாங்களேன்" என்றாள். மூடினேன். காரியாபட்டி தாண்டியதும் ஆரம்பித்தேன்.

டிசம்பர் 6, வெள்ளி

மழை. பஸ் வரவில்லை. மிசின் தவறிப்போச்சு. முகம் வீங்கி மூச்சு வாங்குது பிள்ளைக்கு. திருச்சுழித் திருமேனிநாதா, பாத்துக்கிட்டுத்தான இருக்க?

டிசம்பர் 10, செவ்வாய்

நர்ஸம்மா கனகலட்சுமி ஒரு வழி சொன்னார். வயிற்றில் குழாய் வைத்து, பையில் உள்ள மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடிக்க வேண்டுமாம். வீட்டிலேயே அவளே செய்துகொள்ளலாம். அலைச்சல் இல்லை, பஸ் செலவு இல்லை, பை காப்பீட்டில் வந்துவிடும். "ஆனா கதவு சாத்துற ரூம் ஒண்ணு வேணும்மா. தூசி, புகை ஆகாது. அழுக்கு உள்ள போச்சுன்னா வயித்துல சீழ் பிடிச்சிரும்."

எங்கள் வீட்டில் கதவுள்ள அறை ஒன்றுதான். அதில் என் வீட்டுக்காரர் வம்சத்துக் குலசாமிப் பெட்டி, சாமியின் துணிமணி, அரிவாளோடு இருக்கிறது. மற்ற இடமெல்லாம் தகரம் - பக்கத்தில் விறகு எரித்துக் கரியாக்கும் மூட்டத்துச் சாம்பல் சோற்றுப்பானை வரை வருகிறது.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை. விளக்கு ஏற்றிவிட்டு இவுகளிடம் கேட்டேன். இவுக விளக்குத் திரியைத் தூண்டினார்கள். கொழுந்தன் மொக்கையன்தான் பேசினார். "சிவராத்திரிக்குக் கோயிலுக்குப் போகத்தான் பெட்டி எறங்கும் மதினி. இடையில அசைச்சா வம்சத்துக்கு ஆகாது. அதுவும் ஒங்க பொறந்த வீட்டுப் பிள்ளைக்காக."

அவள் காதில் விழுந்திருக்கும்.

டிசம்பர் 17, செவ்வாய்

வரும் வழியில் பஸ்ஸுலயே மயங்கிட்டா. கண் முழிச்சதும், "என்னைய விட்ருங்க அத்தை, போதும்" என்கிறா. நான் யாரைக் கேக்க? பெட்டிக்குள்ள இருக்கிறவரையா? முப்பது வருசமா வாசப்படியில நின்னுதான கும்பிட்டேன். உள்ள ஒரு கால் வச்சதில்லையே.

டிசம்பர் 18, புதன்

குளித்து, ஈரச் சேலையோடு உள்ளே போனேன். பொம்பள தொடக்கூடாத பெட்டி. தொட்டுட்டேன். பிள்ளைக்குக் கொஞ்சம் எடம் விடுங்க சாமீன்னு சொல்லித்தான் தொட்டேன். தூக்க முடியவில்லை. இவுக வாசப்படியில் நின்று பார்த்தார்கள். பிறகு வந்து மறுபக்கம் பிடித்தார்கள். அடுப்படியில் வைத்தோம்.

ஜனவரி 29, புதன்

தை அமாவாசை. குழாய் வைத்தாயிற்று, பழகியும் வந்துவிட்டாள். வெள்ளையடித்த அறையில் மாஸ்க் போட்டு அவளே பை மாற்றுகிறாள். வடித்த தண்ணீரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். தெளிந்திருந்தால் நல்லது, கலங்கினால் சீழ். கொழுந்தன் எங்களோடு பேசுவதில்லை. கலங்கிச்சுன்னா பேச ஆரம்பிச்சிருவார்.

பிப்ரவரி 5, புதன்

இன்றும் தெளிவு.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. பங்காளிகள் பெட்டி எடுக்க வந்தார்கள். கொழுந்தன் பழக்கத்தில் அந்த அறைக் கதவில் கை வைத்தார். "மாமா, பை மாத்துறேன், கதவத் தெறக்காதீக" என்று உள்ளேயிருந்து குரல். கையை எடுத்துக்கொண்டார். வாசலுக்குப் போய், "மேளத்த அங்கிட்டுத் தள்ளி அடிங்கடா, புழுதி கெளம்புது" என்று சத்தம் போட்டார்.

பிப்ரவரி 27, வியாழன்

பெட்டி திரும்பியது, கொழுந்தன் தலையில். அந்த அறைப் பக்கம் பார்க்கவில்லை. நேரே அடுப்படிக்கு வந்தார்.

"ஒரு கை புடிங்க மதினி" என்றார்.