வராத காய்ச்சல்

நலம் சூழ்க. நீரும் நெல்லும் நிறைக.

வெண்குன்ற நாடு ஆளும் களிற்றுக்கொடித் திருமுடிவேள், ஆழிமுனை நாட்டு அரசரும் ஒன்பது துறைகளின் காவலரும் எம் இளமைத் தோழருமாகிய பூதவேந்தருக்கு எழுதும் ஓலை. உம் குடியும் கோட்டையும் தீங்கின்றி வாழ்க. உம் மரக்கலங்கள் ஆள் குறையாமல் கரை சேர்க.

எம் காய்ச்சல் தணிந்ததா என்று வினவி நீர் விடுத்த ஓலையும், உடன் அனுப்பிய மருத்துவரும் முந்தாநாள் வந்து சேர்ந்தனர். மருத்துவர் எம் நாடியைப் பார்த்துவிட்டு, நோயின் சுவடே இல்லையே என்று வியந்தார். எமக்குக் காய்ச்சல் வரவே இல்லை. உமக்கும் நம் தோழன் கண்ணந்தைக்கும் யாம் எழுதியது பொய். அந்தப் பொய்யால் கண்ணந்தை இறந்துபோனான். இச்செய்தி பிறர் வாயால் உம்மை எட்டுமுன் எம் கையால் எட்ட வேண்டும் என்றே இதை எழுதுகிறோம்.

மூவரும் பகைவர் சிறையில் பதினான்கு மாதம் ஒரே சங்கிலியில் கிடந்ததையும், ஆண்டுதோறும் ஆவணி முழுநிலவன்று நெடும்புனல் ஆற்றங்கரை மாளிகையில் கூடி உண்பதென்று விடுபட்ட நாளில் பேசிக்கொண்டதையும் நீர் அறிவீர். நான்கு ஆண்டுகள் கூடினோம். பின்பு முழுநிலவு என்ற முறை போய், நாள் குறிப்பவரும் யாமே, அதை மாற்றுபவரும் யாமே என்றாயிற்று. ஓராண்டு அயல்நாட்டுத் தூதர் வருகை என்றோம். மறு ஆண்டு மகள் திருமணம் என்றோம். அவை இரண்டும் மெய். நீர் வருந்தி எழுதினீர். கண்ணந்தையோ ஒருமுறையும் குறைகூறாமல், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம் என்றே எழுதினான்.

இவ்வாண்டு தவறாது வருவோம் என்று ஆனி மாதமே வாக்களித்தோம். குறித்த நாளுக்கு ஆறு நாள் முன்பு, யானை பிடிக்கும் விழாவுக்கு எம் சம்பந்தியார் அழைத்தார். போக ஆசை வந்தது. அதோடு, பழைய சிறைக் கதையையே மறுபடி பேசிக் கேட்க மனம் சலித்திருந்தது என்பதையும் மறைக்க மாட்டோம். என்ன காரணம் எழுதட்டும் என்று ஓலைநாயகம் கேட்டார். காய்ச்சல் என்று எழுதும் என்றோம். அவ்வளவு எளிதாகச் சொன்னோம்.

அடுத்து நடந்ததைக் கண்ணந்தையின் குதிரைவீரன் எம்மிடம் உரைத்தான். ஓலையைப் படித்த கண்ணந்தை, "சிறையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டபோது பதினோரு நாள் என் மடியில்தான் தலைவைத்துக் கிடந்தான். அவன் உடம்புக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று அரண்மனையில் எவருக்குத் தெரியும்?" என்று சொல்லி, நிலவேம்பும் சுக்கும் கட்டி எடுத்துக்கொண்டு அப்போதே புறப்பட்டானாம். மலையில் பெய்த மழையால் ஆறு கரைபுரண்டது. இன்று ஓடம் விட மாட்டேன், நாளை வெள்ளம் வடியும் என்று ஓடக்காரன் கைகூப்பினான். நாளை வரை அவன் தாங்குவானோ என்னவோ என்று கூறிக் கண்ணந்தை குதிரையோடு நீரில் இறங்கினான். நடு ஆற்றில் குதிரை நிலை இழந்தது. மூன்றாம் நாள் கோரைப் புல்லில் உடலைக் கண்டெடுத்தனர். செய்தி வந்தபோது யாம் விழாப் பந்தலில் மாலையோடு அமர்ந்திருந்தோம்.

மூங்கில்துறைக் கோட்டைக்கு ஓடினோம். அவன் மனைவி ஏழிலாள் எம்மைக் கண்டு எழுந்து, "அரசே, இந்த உடம்போடு ஏன் வந்தீர்? காய்ச்சல் விட்டதா?" என்று கேட்டார். விட்டது என்றேன். தோழரே, அவன் உடல் கிடந்த கூடத்திலும் நான் பொய்தான் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் மீண்டும் சென்று, உறவினர் முன்னிலையில் உண்மை முழுவதையும் உரைத்தோம். ஏழிலாள் அழவில்லை. "வர விருப்பமில்லை என்று எழுதியிருந்தால், சிரித்துவிட்டு வீட்டிலேயே உண்டிருப்பார்" என்றார். பின்பு, பதினாறாம் நாள் சடங்கில் எம் நிழலும் விழக்கூடாது என்றார். எம்முடன் வந்த படைத்தலைவர் வாளில் கைவைத்தார். அவரைத் தடுத்து, தலைவணங்கித் திரும்பினோம்.

ஆதலால் உம்மிடம் வேண்டுவது ஒன்றே. பதினாறாம் நாள் நீர் மூங்கில்துறைக்குச் சென்று, தோழர் அமரவேண்டிய இடத்தில் அமர்க. எம் பெயரை எடுக்க வேண்டாம்; எமக்காகப் பரிந்து பேசவும் வேண்டாம்.

எம் நாட்டார்க்குக் கட்டளை: அந்நாளில் எம் கொடி தாங்கிய எவனும் மூங்கில்துறை எல்லையை மிதிக்கலாகாது. ஓடக்காரன் மீதும், ஓலை கொண்டுசென்றவன் மீதும் எவரும் பழி சுமத்தலாகாது. இவ்வோலையின் படி ஒன்று எம் அவையில் உரக்கப் படிக்கப்படுக.

இனி நம் சந்திப்பைப் பற்றி. நீர் என்னைக் காண விரும்பினால் அதற்கான நாளை நீரே குறித்து அனுப்பும். விரும்பாவிட்டால், காரணம் ஏதும் எழுத வேண்டாம்.

களிற்று முத்திரை இட்டு, எம் கையாலேயே எழுதியது.

திருமுடிவேள்.